நானூற்றுப் பன்னிரண்டு முடிச்சும் ஒரு மண் உருண்டையும்

ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்று சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு இருந்தது. கோடை முழுக்க அங்கே கொண்டாட்டம்தான். கொழுத்த கறையான் புற்று, இளங்கோரை, குளிர்ந்த மணல். முயலும் கீரியும் முள்ளெலியும் காய்ந்து கிடந்த ஆற்றில் நடந்தே போய் அங்கே குடியேறிவிட்டன. செதிலி என்கிற அழுங்கும் அப்படித்தான் போனாள்.

அழுங்கு என்றால் தெரியும்தானே? உடம்பெல்லாம் செதில் வைத்த எறும்புதின்னி. யாராவது நேருக்கு நேர் பார்த்தால் போதும், சட்டென்று பந்தாகச் சுருண்டுவிடும். செதிலிக்கு அந்தக் கூச்சம் ரொம்பவே அதிகம். "சாப்பிட்டியா?" என்று கேட்டால்கூடச் சுருண்டுகொள்வாள். பதில் பந்துக்குள்ளேயிருந்துதான் வரும்.

அந்தத் திட்டிலேயே அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் சுருளி. அம்மாவின் வால்தான் அவனுக்குத் தொட்டில், அதுவே வண்டி. அம்மா எங்கே போனாலும் வாலில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போவான்.

ஒரு நாள் காலையில் மேற்கே மலைப் பக்கம் வானம் கறுத்தது. மத்தியானத்துக்குள் காய்ந்த ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. முயலின் காது முங்கும் ஆழம்! அதிலும் சுழித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர்!

பாறைமேல் உட்கார்ந்திருந்த கொரட்டுத் தவளை கன்னத்தை உப்பிக்கொண்டு சொன்னது: "இது சும்மா வேடிக்கைத் தண்ணி! பெரிய தண்ணி எட்டாம் நாள் சாயங்காலம் வரும். திட்டு மொத்தமும் முங்கிப்போகும். எனக்கென்ன? நான் தவளை!"

செதிலி வாலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நீந்தத் தெரியும். ஆனால் வாலில் இருக்கும் பிள்ளை தண்ணீருக்குள்ளே எத்தனை மூச்சுத் தாங்குவான்?

அக்கரை நாவல்மரத்துக் குரங்கு தாண்டவன் ஒரே தாவலில் திட்டுக்கு வந்தான். "இவ்வளவுதானா விஷயம்? பிள்ளையைக் கொடு, நான் தூக்கிட்டுத் தாவறேன்!" என்றான். சுருளியைத் தூக்கி வயிற்றோடு அணைத்தான். பயந்துபோன சுருளி இறுக்கிச் சுருண்டான். செதிலெல்லாம் தாண்டவன் வயிற்றில் ஏறியது.

"ஐயோ, ஐயோ! பிள்ளையா இது, பலாக்காயா?" என்று அலறிப் பிள்ளையை மணலில் போட்டுவிட்டான் தாண்டவன். அப்புறம் யாரையும் தூக்குகிற பேச்சே அவன் எடுக்கவில்லை.

"அப்போ பாலம்தான் கட்டணும்" என்றது முயல்.

பாலம் என்ற சொல் காதில் விழுந்ததும் மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முடிச்சார் என்று பட்டப்பெயர் வாங்கின தூக்கணாங்குருவி. முடிச்சுப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தடவை கொத்துவார், மூன்று தடவை இழுப்பார். கழலவில்லை என்றால் அதன்மேல் ஒரு களிமண் பொட்டு வைப்பார். பொட்டு வைத்த முடிச்சு தேறின முடிச்சு. பொட்டு இல்லாத முடிச்சை அவர் முடிச்சென்றே மதிக்க மாட்டார்.

ஒரே ஒரு வருத்தம் அவருக்கு. போன வருஷம் அவர் கட்டின மூன்று கூட்டையும் பேடைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம்" என்று பறந்துபோய்விட்டன. "அதுகளுக்கு முடிச்சைப் பார்க்கத் தெரியலை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"பாலம்னா என்ன? நானூறு முடிச்சு. நானூறும் சரின்னா பாலம் சரி. வேற என்ன இருக்கு?" என்றார் முடிச்சார்.

"யோவ் முடிச்சாரே!" என்று சிரித்தான் தாண்டவன். "முடிச்சை யாருய்யா பார்ப்பாங்க? பாலம்னா இக்கரையில ஏறி அக்கரையில இறங்கணும். ஆளை நடக்க விட்டுப் பார்த்தா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்!"

"அடேய், உனக்கு வால் இருக்கிற நீளத்துக்கு மூளை இல்லையே!"

"உமக்கு முடிச்சு இருக்கு, கூட்டுக்குள்ள ஆள் இல்லையே!"

முடிச்சாருக்கு மூக்கு சிவந்துபோயிற்று. அதாவது, அலகு.

செதிலிக்கு ஒன்று கேட்க வேண்டும்போல இருந்தது. 'குருவி பறக்கிறவர். குரங்கு தாவுகிறவர். ரெண்டு பேருக்குமே பாலம் வேண்டாமே! நடக்கிற எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலையே!' வாயைத் திறந்தாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பந்தாகிவிட்டாள்.

"மூத்தவன் நான். முதல்ல நான்தான்" என்று முடிச்சார் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

மூன்று நாள் ஆயிற்று. திட்டு மருதமரத்திலிருந்து அக்கரை நாவல்மரம் வரைக்கும் கொடியும் நாரும் பின்னின நீளமான பாலம். பக்கமெல்லாம் மூடி, குழாய் மாதிரி, பார்க்க அழகோ அழகு. கொத்து, இழு, பொட்டு. கொத்து, இழு, பொட்டு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. நானூற்றுப் பன்னிரண்டிலும் பொட்டு!

"ஒரு முடிச்சு தப்புன்னு காட்டுங்க, என் இறகைப் பிடுங்கித் தர்றேன்!" என்றார் முடிச்சார்.

முயலும் கீரியும் முள்ளெலியும் மூட்டை முடிச்சோடு வரிசையில் வந்து நின்றன. செதிலி சுருளியை வாலில் ஏற்றிக்கொண்டு கடைசியாக நின்றாள். வரிசை நகரவே இல்லை.

முயல் பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அண்ணே, வாசல் எங்கே?"

"அண்ணாந்து பாரு!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே, பாலத்தின் அடியில், தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வட்ட வாசல் இருந்தது. தூக்கணாங்குருவிக் கூட்டின் வாசல் மாதிரியே!

"வாசல் கீழே பார்த்துத்தான் இருக்கணும். அப்போதான் பாம்பு ஏறாது. எங்க பரம்பரை வழக்கம்" என்றார் முடிச்சார் பெருமையாக.

"பாம்பு ஏறாது சரி. நாங்க எப்படி ஏறறது?" என்றது கீரி.

முடிச்சார் பறந்து போய் வாசலுக்குள் நுழைந்து காட்டினார். "இப்படித்தான்! இதிலே என்ன கஷ்டம்?"

கொரட்டுத் தவளை சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. தண்ணீருக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. குமிழி குமிழியாக.

"தள்ளும் ஓய்!" என்று தாண்டவன் வந்தான். பாலத்தைப் பிய்த்துப் போட்டான். மறுநாள் விடிந்தால் நாலாம் நாள்.

தாண்டவன் வேலை வேகம். ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இரண்டு பக்கமும் கொடி, குறுக்கே படிப்படியாகக் குச்சி. வாசல் தரையோடு தரையாக இருந்தது. அதுவரைக்கும் நல்ல யோசனைதான். ஆனால் முடிச்சு? கொடியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி, "ஆச்சு!" என்பான். பக்கத்தில் பறக்கிற ஈயைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கட்டுவான்.

மத்தியானத்துக்குள் பாலம் தயார். தாண்டவனே முதலில் போய்ப் பார்த்தான். பாலத்துக்கு அடியில் கையால் தொங்கிக்கொண்டு, ஊஞ்சலாடி, ஐந்தே பிடியில் அக்கரை!

"ஜோர்! பாலம் தேறிடுச்சு!"

"நீ நடக்கவே இல்லையே!" என்று கத்தினார் முடிச்சார்.

"போய்ச் சேர்ந்தேனா இல்லையா?"

அடுத்து முயல் ஏறியது. நாலு படி போனது. ஐந்தாவது படியில் 'படார்'! முயல் தண்ணீரில்! கழன்ற கொடியைப் பல்லால் கவ்விக்கொண்டு எப்படியோ திட்டுக்கே திரும்பி வந்தது. காது இரண்டும் நனைந்த துணி மாதிரி தொங்கியது.

"எந்த முடிச்சுடா கழண்டது?" என்றார் முடிச்சார்.

தாண்டவன் தலையைச் சொறிந்தான். "யாருக்குத் தெரியும்? ஏதோ ஒண்ணு! எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி கட்டறேன்!"

ஐந்தாம் நாள் கீரி விழுந்தது. எந்த முடிச்சு? தெரியாது. எல்லாவற்றையும் பிரித்தான், மறுபடி கட்டினான். ஆறாம் நாள் மறுபடியும் முயலே விழுந்தது. முள்ளெலி, "எனக்கு முறை வர வேண்டாம் சாமி" என்று புதருக்குள் ஒளிந்துகொண்டது.

"ஒரு நாளைக்கு ஒரு பாலம், ஒரு பாலத்துக்கு ஒரு முழுக்கு! நல்லா இருக்கு மாமா உங்க வியாபாரம்!" என்றது கொரட்டு. "இன்னும் ரெண்டு நாள்தான். ஞாபகம் இருக்கட்டும்."

திட்டின் ஓரம் கரைய ஆரம்பித்துவிட்டது. நேற்றுவரை செதிலி கறையான் தின்ற புற்று இன்று தண்ணீருக்குள் போயிருந்தது. கரையில் குருவியும் குரங்கும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிச்சு!"

"நடை!"

"முடிச்சுடா!"

"நடைய்யா!"

சுருளி வாலை இழுத்தான். "அம்மா, தண்ணி கிட்ட வருது."

செதிலி மெல்ல இரண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். வந்த கையோடு சுருண்டாள். பந்து பேசியது.

"முடிச்சார் அண்ணே... தாண்டவண்ணே... நான் ஒண்ணு சொல்லலாமா?"

"யாரு பேசறது?" என்று தாண்டவன் சுற்றும் முற்றும் பார்த்தான்.

"கீழே! கீழே பாருங்க. பார்க்காதீங்க, பார்த்தா எனக்குப் பேச வராது."

இரண்டு பேரும் மரியாதையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாலத்தோட உருவம் தாண்டவண்ணன் கட்டின மாதிரி இருக்கட்டும், தரையோட வாசல் வெச்சு. முடிச்செல்லாம் முடிச்சார் அண்ணன் போடட்டும். ஒண்ணு விடாம கொத்தி இழுத்துப் பொட்டு வைக்கட்டும். அது நிமிஷ வேலை, தப்பு இருந்தா அங்கேயே தெரிஞ்சிடும். நடந்து பார்க்கிறது மூணு தரம் போதும். பாலத்துல கால்பங்கு ஆனதும் ஒரு தரம், பாதியில ஒரு தரம், முடிஞ்சதும் ஒரு தரம். ஆனா நடக்கிறது நாங்க. நீங்க பறக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது."

"மூணு தரம்தானா? முடிச்சுக்கு முடிச்சு நடந்து பார்த்தா என்ன?" என்றான் தாண்டவன்.

"முயலுக்கு இன்னும் காது காயலையே அண்ணே!"

"நடையே எதுக்கு? என் பொட்டு போதாதா?" என்றார் முடிச்சார்.

"உங்க பொட்டு வாசலைச் சொல்லலையே அண்ணே!"

பந்துக்குள் இருக்கும்போது செதிலிக்கு நாக்கு நன்றாகவே நீளும்.

ஏழாம் நாள் வேலை பறந்தது. தாண்டவன் கூட்டி வந்த குரங்குகள் குச்சியும் கொடியும் போட, முடிச்சார் ஆட்கள் முடிச்சுப் போட்டார்கள். கொத்து, இழு, பொட்டு. கழன்ற முடிச்சை அங்கேயே திருத்தினார்கள். கால்பங்கில் முயல் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தது, ஆனாலும் விழவில்லை! பாதியில் கீரி நடந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி அதிகம் என்று தெரிந்தது. குச்சிகளை நெருக்கினார்கள்.

எட்டாம் நாள் காலையில் பாலம் முடிந்தது. முயல் போய்த் திரும்பியது. கீரியும் போய் வந்தது. முள்ளெலிகூடப் போய் வந்தது. செதிலியும் சுருளியை முயலிடம் விட்டுவிட்டுத் தனியாக அக்கரை போய்த் திரும்பி வந்தாள். பாலம் கம்பீரமாக நின்றது.

"முடிஞ்சது!" என்று தாண்டவன் குட்டிக்கரணம் அடித்தான். "முடிஞ்சது!" என்று முடிச்சார் இறகை விரித்தார். எட்டு நாளில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.

"இல்லை" என்றாள் செதிலி. "இன்னும் சுருளியோட நான் நடக்கலை."

"அட, அவன் என்ன யானையா? ஒரு பிடி கனம் இருப்பானா?" என்றான் தாண்டவன். "மழை வருது, ஏத்திக்கிட்டு ஓடு!"

கொரட்டும் கத்தியது. "மலைமேல இடி கேட்குது! சாயங்காலம் சொன்னது மத்தியானமே வந்திடும்போல இருக்கு!"

செதிலி வாலைப் பார்த்தாள். சுருளி கொட்டாவி விட்டான். ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்கும் கால் பரபரத்தது. ஆனாலும் அவள் ஓடவில்லை. கரைக்குப் போய் ஈரக் களிமண்ணை அள்ளி உருட்டினாள். சுருளியை ஒரு கையிலும் உருண்டையை ஒரு கையிலும் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மண் வைத்தாள். கனம் சரியானதும் உருண்டையை வாலில் அப்பிக்கொண்டாள்.

"தம்பிக்குத் தம்பி வந்தாச்சு!" என்று கொரட்டு கிண்டல் செய்தது.

செதிலி காதில் வாங்கவில்லை. பாலத்தில் ஏறினாள். பத்துப் படி. இருபது படி. நடு ஆற்றைத் தாண்டிவிட்டாள். தனியாக வரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது கனம் இழுத்தது. வால் மெல்லத் தாழ்ந்து இரண்டு படிக்கு நடுவே இறங்கி மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று மேலே இழுத்தாள். படி அடியிலிருந்து தூக்கிக்கொண்டது. மேலேயிருந்து மிதித்தால் இறுகுகிற முடிச்சு, கீழேயிருந்து தூக்கியதும் நழுவியது.

'டப்'!

குச்சி ஒரு பக்கம் சாய்ந்தது. செதிலி நகத்தால் கொடியைப் பற்றிக்கொண்டு தொங்கினாள். வாலில் இருந்த மண் உருண்டை பிய்த்துக்கொண்டு கீழே போனது.

'தொளுக்'!

ஒரு குமிழி வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை.

கொரட்டு வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தது. முயல் சுருளியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. செதில் குத்தியும் அது விடவில்லை.

செதிலி தொத்தித் தொத்தித் திட்டுக்குத் திரும்பினாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஆனால் சுருளவில்லை. முதல் தடவையாக முடிச்சாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எந்த முடிச்சு அண்ணே?"

முடிச்சார் விர்ரென்று பறந்து போய்ப் பார்த்தார். தேட வேண்டிய வேலையே இல்லை. மற்ற முடிச்சிலெல்லாம் பொட்டு அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் பொட்டு உதிர்ந்துபோயிருந்தது. அக்கரையிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது படி, இடது பக்கம். முழுப் பாலத்தையும் பிரிக்க வேண்டாம்!

"நான் மேலேயிருந்துதானே கொத்தினேன்..." என்று முணுமுணுத்தார். "கீழேயிருந்து ஒரு தரம்கூடத் தள்ளிப் பார்க்கலையே!"

"அப்போ இனிமே அதையும் பாருங்க. எல்லா முடிச்சையும்!" என்றாள் செதிலி.

அவ்வளவுதான். முடிச்சார் ஒவ்வொரு படிக்கும் அடியில் போய்த் தலையால் முட்டினார். கூட்டத்துக் குருவியெல்லாம் முட்டியது. கொத்து, இழு, முட்டு, பொட்டு! பதினாலு முடிச்சு கழன்றது. கழன்றதையெல்லாம் இரட்டை முடிச்சாகப் போட்டார்கள். தாண்டவன் நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். முடிச்சாரின் தலை நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

செதிலி இன்னொரு உருண்டை உருட்டினாள். மறுபடி நடந்தாள். வேண்டுமென்றே வாலைப் படிக்கு நடுவே விட்டு வெடுக்கென்று இழுத்தாள். ஒரு முடிச்சும் அசையவில்லை! மண் உருண்டை அக்கரையில் பத்திரமாக இறங்கியது.

அதற்குள் மேற்கே ஒரு இரைச்சல்.

"வந்தாச்சு, வந்தாச்சு! பெரிய தண்ணி!" என்று கொரட்டு எகிறிக் குதித்தது.

செதிலி ஓடோடித் திரும்பி வந்தாள். சுருளி வாலில் ஏறினான். முயல், கீரி, முள்ளெலி எல்லாம் முன்னால் ஓட, செதிலி கடைசியாகப் போனாள். நடு ஆற்றில் வால் தாழ்ந்தது. படிக்கு நடுவே மாட்டியது. இழுத்தாள். படி தூக்கியது. முடிச்சு நின்றது.

"அம்மா, இன்னொரு தரம் அப்படி ஆட்டு!" என்றான் சுருளி.

"வாயை மூடிக்கிட்டு வா!" என்றாள் செதிலி.

அவள் அக்கரை மண்ணில் கால் வைத்து நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மருதமர உச்சி மட்டும் தெரிந்தது.

"பார்த்தீங்களா என் முடிச்சை!" என்றார் முடிச்சார், வீங்கின தலையைத் தடவிக்கொண்டு.

"பார்த்தீங்களா என் பாலத்தை!" என்றான் தாண்டவன்.

"பார்த்தீங்களா, நான் சொன்ன மாதிரியே தண்ணி வந்துச்சு!" என்றது கொரட்டு.

மூன்று பேரும் செதிலியைத் திரும்பிப் பார்த்தார்கள். செதிலி உடனே பந்தானாள்.

அந்த மழைக்காலத்தில் முடிச்சார் புதுக் கூடு ஒன்று கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் கொத்தினார், இழுத்தார், முட்டினார், பொட்டு வைத்தார். ஆனால் இந்தத் தடவை கூடு பாதியிலே இருக்கும்போதே ஒரு பேடையைக் கூப்பிட்டு, "அம்மணி, உள்ளே வந்து கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன்" என்றார். பேடை உள்ளே போனது, திரும்பியது, உட்கார்ந்தது. "முட்டை வைக்கிற இடம் இடுக்கலா இருக்கு" என்றது. முடிச்சார் கோபப்படாமல் அகலமாக்கினார். பேடை பறந்து போகவில்லை.

பாலமோ, கூடோ, கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமோ, எதைக் கட்டினாலும் சின்னச் சின்ன முடிச்சை ஒன்று விடாமல் சோதிக்கவும் வேண்டும், அதில் நடக்கப் போகிறவரையே அவருடைய சுமையோடு சில தரம் முழுசாக நடக்க விட்டுப் பார்க்கவும் வேண்டும். இதில் ஒன்றை மட்டும் நம்புகிறவர் தண்ணீரில்தான் விழுவார்.